மார்பகப் புற்றுநோய்: சிகிச்சை முறைகளும் தேர்வும்

மார்பகப் புற்றுநோய் என்பது மார்பகத்தின் பால் சுரப்பிகளிலோ, பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் குழாய்களிலோ உள்ள உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் நோய் ஆகும். பெரும்பாலும் பெண்களுக்கு வரும் இந்நோய், நூறில் ஒன்று அல்லது அதற்கும் குறைவான விகிதத்தில் ஆண்களுக்கும் வருகிறது. இதற்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, வேதிச்சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, இலக்கு மருந்துகள் என ஐந்து முதன்மையான சிகிச்சை முறைகள் உள்ளன. அண்மை ஆண்டுகளில் நோயெதிர்ப்புச் சிகிச்சையும் இவற்றோடு சேர்ந்துள்ளது. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல இயலாது. ஒரு நோயாளிக்கு எவை தேவை, எந்த வரிசையில் தேவை என்பதை அவருடைய கட்டியின் நிலையும் வகையும் முடிவு செய்கின்றன. அவ்வாறு முடிவு செய்த சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிப்பதும் குணமடைவதற்கு அதே அளவு முக்கியமானது.

நோயின் பரவலும் தாமதத்தின் விலையும்

2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அவ்வாண்டில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 6.7 லட்சம் பேர் இறந்தனர். இந்தியாவில் புதிய நோயாளிகள் சுமார் 1.92 லட்சம், இறப்புகள் சுமார் 98 ஆயிரம். முன்பு தமிழகப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. அது படிப்படியாகக் குறைய, சென்னை போன்ற நகரங்களில் மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருப்போரின் விகிதம் வருவாய் மிகுந்த நாடுகளில் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்தியாவில் அது சுமார் 66 விழுக்காடு என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. இந்த இடைவெளிக்கு மருந்துகள் கிடைக்காதது மட்டும் காரணம் அன்று. கட்டி பெரிதாகி, தோலிலோ அக்குளிலோ பரவிய பிறகே பலர் மருத்துவரிடம் செல்கின்றனர். சிகிச்சையைத் தொடங்கியவர்களிலும் ஒரு பகுதியினர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். இதைக் கருத்தில் கொண்டே உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய முன்முயற்சியில் மூன்று இலக்குகளை வகுத்தது. நோயாளிகளில் 60 விழுக்காட்டினருக்கு மேல் முதல் இரண்டு நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும். முதன்முதலில் மருத்துவரிடம் சென்ற 60 நாட்களுக்குள் நோய் உறுதி செய்யப்பட வேண்டும். 80 விழுக்காட்டினருக்கு மேல் முழுச் சிகிச்சையையும் முடிக்க வேண்டும்.

மார்பகத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோலில் குழி விழுதல் அல்லது ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்தல் ஆகியவை உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள். வலி இல்லாததால் கட்டியை ஆபத்தற்றது என்று நினைப்பது தாமதத்துக்கு ஒரு பெரும் காரணம். உண்மையில், தொடக்க நிலைப் புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை வலிப்பதில்லை.

சிகிச்சைக்கு முன் தெரிய வேண்டிய மூன்று விவரங்கள்

முதலாவது, கட்டி புற்றுதானா என்பது. கையால் தொட்டுப் பார்த்தல், மேமோகிராம், ஸ்கேன் ஆகியவை ஐயத்தை எழுப்பும். உறுதி செய்வது திசுப் பரிசோதனைதான். மரத்துப்போக ஊசி போட்டு, சற்றுத் தடித்த ஊசியால் கட்டியிலிருந்து நூல் போன்ற சிறு துண்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்வர். 'ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்' என்ற அச்சம் ஊர்ப்புறங்களில் பரவலாக உள்ளது. இந்தப் பரிசோதனையால் நோய் முற்றுவதில்லை. இதைத் தவிர்ப்பதால்தான் சரியான சிகிச்சை தள்ளிப்போகிறது. என்னவென்று அறியாமல் கட்டியை முதலில் வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு புற்று என்று அறிவது, அடுத்தடுத்த சிகிச்சையைச் சிக்கலாக்கும்.

இரண்டாவது, கட்டியின் வகை. எடுத்த திசுவில் மூன்று ஏற்பிகள் உள்ளனவா என்று பார்க்கப்படும். அவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டரோன் ஏற்பி, ஹெர்2 எனப்படும் புரதம் ஆகியன. முதல் இரண்டில் ஒன்றேனும் இருந்தால் அது ஹார்மோன் சார்ந்த புற்று. ஹெர்2 மிகுந்திருந்தால் அது ஹெர்2 வகை. மூன்றும் இல்லையெனில் 'மும்மறைப் புற்று' எனலாம். உலக அளவில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு ஹார்மோன் சார்ந்த வகையே வருகிறது. மேலை நாடுகளோடு ஒப்பிட இந்தியப் பெண்களிடம் மும்மறை வகையின் பங்கு கூடுதலாகக் காணப்படுகிறது. பரிசோதனைத் தாளில் இந்த மூன்று முடிவுகளும் இல்லாமல் மருந்துச் சிகிச்சையைத் திட்டமிட முடியாது.

மூன்றாவது, நோயின் நிலை. குழாயை விட்டு வெளியேறாத புற்று பூச்சிய நிலை. 2 சென்டிமீட்டருக்கு மிகாமல், அக்குளுக்குப் பரவாத கட்டி முதல் நிலை. 2 முதல் 5 சென்டிமீட்டர் வரையுள்ளதும், அக்குளின் சில நிணநீர்க்கணுக்களை மட்டும் தொட்டதும் பொதுவாக இரண்டாம் நிலையில் அடங்கும். தோலையோ மார்புச் சுவரையோ பற்றியதும், பல கணுக்களுக்குப் பரவியதும் மூன்றாம் நிலை. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற தொலைவான உறுப்புகளில் காணப்பட்டால் நான்காம் நிலை.

அறுவை சிகிச்சை

அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய முறையில், மார்பகம் முழுவதோடு மார்புத் தசைகளும் அக்குள் கணுக்களும் சேர்த்து அகற்றப்பட்டன. புற்று ஓரிடத்திலிருந்து படிப்படியாகவே பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அதன் அடிப்படை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இம்முறையே கோலோச்சியது.

இதைக் கேள்விக்குள்ளாக்கியவர்கள் அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியின் உம்பெர்த்தோ வெரோனேசியும். 1970களில் இருவரும் தனித்தனியே, மார்பகம் முழுவதையும் அகற்றுவதையும் கட்டியை மட்டும் அகற்றுவதையும் ஒப்பிட்டு ஆய்வுகளைத் தொடங்கினர். 2002இல் இரண்டு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகளும் வெளிவந்தன. இரு பிரிவினரும் ஒரே அளவுக்கு உயிர் வாழ்ந்தனர். ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் அகற்றியவர்களுள், கதிர்வீச்சு பெற்றோரில் 14.3 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. பெறாதோரில் அது 39.2 விழுக்காடு. கட்டியை மட்டும் அகற்றினால் கதிர்வீச்சு கட்டாயம் என்ற விதி இதிலிருந்தே உறுதியானது.

ஆகவே இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மார்பகம் காக்கும் அறுவை: கட்டியையும் அதைச் சூழ்ந்த சிறிதளவு நல்ல திசுவையும் எடுத்து, பின்னர் கதிர்வீச்சு தருவது. மற்றொன்று, மார்பக நீக்கம். மார்பகத்தை எடுத்துவிட்டால்தான் பிழைக்கலாம் என்பது சரியன்று. அதேவேளை, எல்லோருக்கும் மார்பகத்தைக் காப்பதும் இயலாது. ஒரே மார்பகத்தில் பல இடங்களில் புற்று இருந்தாலோ, மார்பகத்தின் அளவுக்குக் கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, கதிர்வீச்சு பெற முடியாத நிலை இருந்தாலோ நீக்கமே பொருத்தமானது. நீக்கிய மார்பகத்தை முதுகு அல்லது வயிற்றுத் திசு கொண்டோ, சிலிக்கோன் பை கொண்டோ மீட்டமைக்கலாம். அதை விரும்பாதவர்கள் உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தைப் பயன்படுத்துகின்றனர்.

அறுவையில் இந்தியாவின் பங்களிப்பும் குறிப்பிடத்தக்கது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் தலைமையில் 11 மையங்களில் சுமார் 1,600 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் அதைச் சுற்றிலும் லிக்னோகெயின் என்னும் சாதாரண மரப்பு மருந்து செலுத்தப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, ஐந்து ஆண்டுகளில் உயிருடன் இருந்தோர் விகிதம் 86.4 விழுக்காட்டிலிருந்து 90.1 விழுக்காடாக உயர்ந்திருந்தது. பல் மருத்துவரிடமும் கிடைக்கும் மலிவான மருந்து அது.

அக்குள் கணுக்கள்

மார்பகத்திலிருந்து வெளியேறும் புற்று உயிரணுக்கள் பெரும்பாலும் முதலில் அக்குளின் நிணநீர்க்கணுக்களையே அடைகின்றன. முன்பு எல்லோருக்கும் இக்கணுக்கள் மொத்தமாக அகற்றப்பட்டன. அதனால் சிலருக்குக் கையில் நிணநீர் தேங்கி நிலையான வீக்கம் உண்டாகும். இப்போது, அக்குளில் பரவல் தென்படாத தொடக்க நிலை நோயாளிகளுக்கு நீலச் சாயம் அல்லது கதிரியக்கத் துகள் செலுத்தி, முதலில் நிணநீர் சென்றடையும் 'காவல் கணு' மட்டும் எடுத்துப் பார்க்கப்படுகிறது. அதில் புற்று இல்லையெனில் மற்றவற்றை விட்டுவிடலாம். கணுக்கள் மொத்தமாக அகற்றப்பட்டவர்கள் அந்தக் கையில் காயம், தீப்புண், தொற்று ஏற்படாமல் காத்துக்கொள்வதும், கற்றுத்தரப்படும் தோள்பட்டைப் பயிற்சிகளைச் செய்வதும் அவசியம்.

கதிர்வீச்சு சிகிச்சை

உயர் ஆற்றல் கதிர்களைக் குறிப்பிட்ட இடத்தில் செலுத்தி, அறுவைக்குப் பின் எஞ்சியிருக்கக்கூடிய புற்று உயிரணுக்களை அழிப்பது கதிர்வீச்சு சிகிச்சை. மார்பகம் காக்கப்பட்டவர்களுக்கு இது பொதுவாகத் தேவை. மார்பகம் நீக்கப்பட்டவர்களுக்கும், கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களில் பரவியிருந்தாலோ தரப்படுகிறது. குறைந்த கணுக்களில் பரவல் உள்ளவர்களுக்கு மருத்துவர் தனித்தனியே முடிவு செய்வார்.

இச்சிகிச்சையில் வலி இருக்காது. ஒரு நாளைய சிகிச்சை சில நிமிடங்களில் முடியும். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாட்கள் தவறாமல் வர வேண்டும். முன்பு 25 நாட்கள், அதாவது ஐந்து வாரங்கள் தரப்பட்டது. பிரித்தானிய ஆய்வுகளின் விளைவாக 15 நாட்கள், அதாவது மூன்று வாரங்கள் என்பது இப்போது பரவலாகியுள்ளது. 2020இல் வெளியான மற்றொரு பிரித்தானிய ஆய்வு, தகுதியுள்ள நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தவணைகளே போதும் என்று காட்டியது. வெளியூரில் தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பத்துக்கு ஐந்து வாரம் மூன்று வாரமாவதன் பொருள் பெரிது. வாடகை, சாப்பாடு, இழக்கும் கூலி எல்லாம் அதில் குறைகின்றன. எனவே 'எனக்கு எத்தனை தவணைகள், குறைந்த தவணை பொருந்துமா' என்று கேட்பது நியாயமான கேள்வியே.

தோல் கறுத்தல், சோர்வு, விழுங்கும்போது லேசான எரிச்சல் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். இடது மார்பகத்துக்குத் தரும்போது இதயத்தில் கதிர் படாதவாறு மூச்சைப் பிடித்து நிறுத்தச் செய்யும் உத்திகளும் உள்ளன.

வேதிச்சிகிச்சை

கீமோதெரபி என்று பரவலாக அறியப்படும் வேதிச்சிகிச்சை, இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் சென்று வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அழிக்கிறது. சிவப்பு நிறத்தில் இருக்கும் டாக்சோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, பாக்ளிடாக்சல், டோசிடாக்சல் ஆகியவை அதிகம் பயன்படும் மருந்துகள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒரு சுற்று என நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை தரப்படும்.

முடி உதிர்வு, வாந்தி, வாய்ப்புண், விரல் நுனிகளில் மரப்பு ஆகியவை தோன்றும். முடி மீண்டும் வளரும்; வாந்தியைக் கட்டுப்படுத்தும் நல்ல மருந்துகள் உள்ளன. அஞ்ச வேண்டியது காய்ச்சலுக்கே. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருப்பது உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

எல்லோருக்கும் வேதிச்சிகிச்சை தேவையில்லை. 2018இல் வெளியான, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று, ஹார்மோன் சார்ந்த, கணுக்களுக்குப் பரவாத தொடக்க நிலைப் புற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் மாத்திரை மட்டுமே போதும் என்று காட்டியது. அவர்களைப் பிரித்தறிய மரபணுச் செயல்பாட்டை அளக்கும் சோதனைகள் உள்ளன. விலை மிகுதி என்பதால் இந்தியாவில் அவை எல்லோருக்கும் எட்டுவதில்லை.

மறுபுறம், தாமதமாக வரும் பெரிய கட்டிகளுக்கு அறுவைக்கு முன்பே வேதிச்சிகிச்சை தரப்படுகிறது. இத்துறையில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குத் தனியிடம் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் இந்திய மாதர் சங்கம் 1954இல் இந்நிலையத்தை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அங்கு 1955 முதல் 2021இல் மறையும் வரை பணியாற்றிய மருத்துவர் வி. சாந்தாவும் அவருடைய குழுவினரும், முற்றிய கட்டிகளோடு வரும் தமிழகப் பெண்களுக்கு வேதிச்சிகிச்சையையும் கதிர்வீச்சையும் முதலில் சேர்த்துத் தந்து, கட்டி சுருங்கிய பின் அறுவை செய்யும் முறையைப் பல ஆண்டுகள் பின்பற்றினர். 1990களில் அவ்வாறு சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆய்ந்து வெளியிட்டனர். 'அறுவை செய்ய இயலாது' என்று கைவிடப்படும் நிலையிலும் நீண்ட காலம் வாழ வழி உண்டு என்பதற்கு அது சான்று. இன்று பெரும்பாலான மையங்களில் முதலில் வேதிச்சிகிச்சை, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு என்ற வரிசையே வழக்கம். கட்டி சுருங்கினால், சிலருக்கு மார்பகத்தையும் காக்க முடிகிறது.

ஹார்மோன் சிகிச்சை

1896இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றியபோது முற்றிய மார்பகப் புற்று சுருங்கியதை வெளியிட்டார். ஹார்மோன்களைப் பற்றித் தெளிவாக அறியப்படாத காலம் அது. இன்று அதே பணியைச் சிறு மாத்திரை செய்கிறது. 1970களில் பயன்பாட்டுக்கு வந்த டமாக்சிஃபென், புற்று உயிரணுவின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. ஹார்மோன் சார்ந்த நோயாளிகள் இதை ஐந்து ஆண்டுகள் உட்கொண்டால், மார்பகப் புற்றால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவை தரப்படுகின்றன. நோய் திரும்பும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்குப் பத்து ஆண்டுகள் வரை தொடரலாம்.

டமாக்சிஃபெனால் உடல் திடீரென வெப்பமாதல், அரிதாக இரத்தம் உறைதல், கருப்பை உட்சுவர்ப் புற்று ஆகியவை ஏற்படலாம். மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு கண்டால் உடனே சொல்ல வேண்டும். லெட்ரோசோல் போன்றவை மூட்டுவலியையும் எலும்புத் தேய்வையும் உண்டாக்கலாம்.

இம்மாத்திரை மலிவானது, வீட்டிலேயே உட்கொள்ளக்கூடியது. அதனாலேயே இதை 'சத்து மாத்திரை' போல எண்ணி, உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகின்றனர். ஹார்மோன் சார்ந்த புற்று ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது. எனவே இந்த மாத்திரை அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இணையான சிகிச்சையே.

இலக்கு மருந்துகளும் நோயெதிர்ப்புச் சிகிச்சையும்

ஹெர்2 வகைப் புற்று ஒரு காலத்தில் மிகக் கொடியதாகக் கருதப்பட்டது. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் அந்த நிலையை மாற்றியது. இது ஹெர்2 புரதத்தைத் தேடிப் பற்றும் எதிர்ப்புப் புரதம். வேதிச்சிகிச்சையோடு தொடங்கி, பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஓராண்டு தரப்படும். இதயத்தின் வலுவைச் சிலருக்குக் குறைக்கும் என்பதால் இடையிடையே எக்கோ பரிசோதனை தேவை. தொடக்கத்தில் இதன் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டாததாக இருந்தது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் தயாரித்த ஒப்புமை மருந்து 2014இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. பின்னர் பிற நிறுவனங்களும் தயாரிக்க, விலை இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

மும்மறைப் புற்றுக்கு ஹார்மோன் மாத்திரையோ டிராஸ்டுசுமாபோ பயன்படாது. வேதிச்சிகிச்சையே அதன் அடித்தளம். அதனோடு பெம்புரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்ப்பது இரண்டு, மூன்றாம் நிலைகளில் பலன் தருகிறது. பிஆர்சிஏ மரபணுக் குறை உள்ளவர்களுக்கு ஓலாபாரிப் பயன்படுகிறது. இம்மருந்துகள் இன்னமும் விலை மிகுந்தவை.

நிலைக்கேற்ற பொதுவான வரிசை

பூச்சிய நிலையில் அறுவை, தேவைப்பட்டால் கதிர்வீச்சு, வேதிச்சிகிச்சை வேண்டியதில்லை. முதல் நிலையிலும் இரண்டாம் நிலையின் தொடக்கத்திலும் பெரும்பாலும் முதலில் அறுவை, பிறகு கட்டியின் வகைக்கேற்ப மருந்துகளும் கதிர்வீச்சும். ஹெர்2 வகையும் மும்மறை வகையும் 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ கணுக்களுக்குப் பரவியிருந்தாலோ முதலில் மருந்து, பிறகு அறுவை. மூன்றாம் நிலையில் ஏறத்தாழ எல்லோருக்கும் முதலில் மருந்து, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு.

நான்காம் நிலையில் நோக்கம் மாறுகிறது. நோயை அடியோடு நீக்குவது அரிது; அதைக் கட்டுக்குள் வைத்து, நல்ல முறையில் நீண்ட நாள் வாழ வைப்பதே குறிக்கோள். டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்திலேயே பரவிய நோயுள்ளவர்களுக்கு மார்பகத்தை அகற்றுவதால் ஆயுள் நீளவில்லை என்று காட்டியது. எனவே புண், இரத்தக்கசிவு போன்ற தொல்லை இல்லாதபோது இந்நிலையில் அறுவையைத் தவிர்ப்பதை அலட்சியம் என்று கொள்ளக் கூடாது. ஹார்மோன் சார்ந்த வகையில் மாத்திரையோடு பால்போசிக்ளிப், ரிபோசிக்ளிப் போன்றவை சேர்த்துத் தரப்படுகின்றன. பால்போசிக்ளிப்பின் காப்புரிமை 2023 தொடக்கத்தில் இந்தியாவில் முடிந்த பின் உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்தன. எலும்பு வலிக்குக் கதிர்வீச்சும், கடும் வலிக்கு மார்பினும் தயங்காமல் தரப்பட வேண்டியவை. வலிதணிப்புச் சிகிச்சையைக் கடைசி நாட்களுக்கு என்று ஒதுக்காமல் மற்ற சிகிச்சைகளோடு சேர்த்தே தொடங்கலாம்.

இளம் பெண்களும் கருவுற்றோரும்

பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் அதை வேதிச்சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருமுட்டைகளைச் சேமித்து வைக்கும் வழிகள் உள்ளன. கருவுற்றிருக்கும்போது நோய் தெரிந்தால் கருவைக் கலைப்பது மட்டுமே வழி என்பதில்லை. நான்காம் மாதத்துக்குப் பிறகு சில வேதி மருந்துகளைத் தரலாம், அறுவையும் செய்யலாம். கதிர்வீச்சு, டமாக்சிஃபென், டிராஸ்டுசுமாப் ஆகியவை மகப்பேறு வரை தள்ளிவைக்கப்படும். இளவயதில் நோய் வந்தவர்களும், தாய், உடன்பிறந்தாளுக்கு மார்பக அல்லது சூலகப் புற்று இருந்தவர்களும் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

திருச்சிராப்பள்ளிப் பகுதியில் சிகிச்சை பெறுதல்

கைலாசபுரம் பெல் நகரியத்தில் வாழும் ஊழியர் குடும்பங்களுக்கு நகரியத்திலேயே நிறுவனத்தின் தலைமை மருத்துவமனை உள்ளது. சுற்றுப்புற ஊர்களைச் சேர்ந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த, புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ முதலில் காட்டலாம். கட்டியைக் கண்டவுடன் நேரே சென்னைக்குக் கிளம்ப வேண்டும் என்பதில்லை. ஸ்கேன், மேமோகிராம், திசுப் பரிசோதனை ஆகியவற்றை அருகிலேயே முடிக்கலாம். சிறப்புச் சிகிச்சைக்கு அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969 முதல் இயங்கும் அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவற்றை நாடுவோர் உண்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இல் தொடங்கி, 2018இல் ஒன்றிய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. புற்றுநோய் அறுவை, கதிர்வீச்சு, வேதிச்சிகிச்சை ஆகியவை இதில் அடங்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் முதல் வருகையின்போதே மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேட்டு விண்ணப்பிப்பது நாள் வீணாவதைத் தடுக்கும்.

சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஏறத்தாழ 330 கிலோமீட்டர். மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவ்வளவு தூரம் செல்வது பலரைச் சோர்வடையச் செய்யும். சிறப்பு மையத்தில் சிகிச்சைத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டு, வேதிச்சிகிச்சைச் சுற்றுகளை உள்ளூர் மருத்துவமனையில் பெற முடியுமா என்று கேட்கலாம். எங்கே தொடங்குவது என்பதைவிட எங்கே இருந்தால் இறுதிவரை தொடர முடியும் என்பதைக் கருதியே இடத்தைத் தேர்ந்தெடுப்பது பயன் தரும்.

சிகிச்சை இடையில் நிற்கும் இடங்கள்

பெரும்பாலும் மூன்று கட்டங்களில் சிகிச்சை நின்றுவிடுகிறது. முதலாவது, சில சுற்று வேதிச்சிகிச்சையில் கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போகும்போது. கட்டி மறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் இருக்கலாம், அறுவை தேவையே. இரண்டாவது, அறுவை முடிந்து காயம் ஆறியதும் கதிர்வீச்சுக்குச் செல்லாமல் இருப்பது. மூன்றாவது, ஹார்மோன் மாத்திரையை ஓரிரு ஆண்டுகளில் விடுவது. சித்த மருந்து, மூலிகைக் கஷாயம் ஆகியவற்றை நாடுவோர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில மூலிகைகள் கல்லீரல் வழியே வேதி மருந்துகளின் செயலை மாற்றக்கூடும்.

சிகிச்சைத் திட்டத்தைப் பேசும் நாளில் நோயாளியோ குடும்பத்தினரோ கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை:

என் நோய் எந்த நிலையில் உள்ளது? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன், ஹெர்2 முடிவுகள் என்ன?
சிகிச்சையின் நோக்கம் குணமாக்குவதா, கட்டுப்படுத்துவதா?
மார்பகத்தைக் காக்க வாய்ப்பு உண்டா? இல்லையெனில் ஏன்?
எந்தச் சிகிச்சை முதலில், எது அடுத்து, மொத்தம் எத்தனை மாதங்கள்?
எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும்? இரவில் யாரைத் தொடர்பு கொள்வது?
காப்பீட்டில் எவை அடங்கும், எவற்றுக்குக் கைப்பணம் வேண்டும்?

சிகிச்சை முடிந்த பின்னும் முதல் சில ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஆண்டுதோறும் மேமோகிராம் எடுக்க வேண்டும். திசுப் பரிசோதனை முடிவு, அறுவைக் குறிப்பு, மருந்துச் சுற்றுகளின் விவரம், கதிர்வீச்சுக் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் பாதுகாத்தால், பின்னாளில் எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் காட்ட நேர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.